எழுபதில் நிற்கும் முழங்கால்

"முந்தநாள் எழுபது பாகை, நேற்று எழுபது, இண்டைக்கும் எழுபது. உங்கட முழங்காலுக்கு வேற எண் தெரியாதா, செல்லத்தம்பி?"

"நோகுது, மிஸ்."

முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் அளவுகோலை றம்ஸியா மடக்கினாள். திருகோணமலை ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வாட்டுக்கு மூத்த பிசியோதெரபிஸ்ட் அவள்தான். எது நோகிற கால், எது நோகிற மாதிரி விறைத்துக்கொள்கிற கால் என்று தொட்ட உடனே கை சொல்லிவிடும்.

அடுத்த கட்டிலில் ஸைனுலாப்தீன் வாய்விட்டுச் சிரித்தார். மூதூரில் மீன்பிடிப்பவர். செல் குண்டின் துண்டு பட்டுத் தொடை எலும்பு முறிந்து வந்தவர்.

"எனக்கு இண்டைக்கு எழுபத்தாறு, தம்பி. என்ட வயசில பாதிதானே உனக்கு, வெக்கமில்லையா?"

"உங்களோட ஏலுமா, நானா," என்றான் செல்லத்தம்பி, சொந்த அண்ணனை அழைக்கிற மாதிரி.

றம்ஸியாவுக்கு எரிச்சல் வந்தது. வராந்தாவில் ஆறு பேர் பாயில் கிடக்கிறார்கள். இவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடிக்கிறான். காரணமும் விளங்காமல் இல்லை. இவன் ஊரான வெருகல் பக்கம் கிழமைக்கு இரண்டு ஆமிச் சுற்றிவளைப்பு. வீட்டைவிட ஆஸ்பத்திரிக் கட்டில் பாதுகாப்பு. அதற்காக? பாயில் கிடக்கிறவனும் மனிதன்தானே.

மறுநாள் வெள்ளனவே வேலைக்கு வந்தாள். வாட்டுக்குப் பின்னால் குழாயடியில் ஒருவன் வடிவாகக் குந்தியிருந்து சாரம் துவைத்துக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் செல்லத்தம்பி.

"இதுதான் உங்கட எழுபதோ?"

அவன் எழும்பவும் மறந்துபோனான்.

"இண்டைக்கே டொக்டரிட்டச் சொல்லித் துண்டு வெட்டி வீட்ட அனுப்புறன். சாமானைக் கட்டுங்கோ."

"ஒரு கிழமை பொறுத்து அனுப்புங்கோ, மிஸ்."

"ஏன், சுற்றிவளைப்புக்குப் பயமோ?"

"அதில்லை. வீட்ட போக எனக்கும் விருப்பம்தான். பிள்ளை பிறந்து இன்னும் முகம் பார்க்கேல்ல. ஆனா நானாவுக்குத் தொண்ணூறு வரேல்லையே."

"அவருக்கு வராட்டி உங்களுக்கென்ன?"

"தொண்ணூறைத் தாண்டினால்தான் வள்ளத்தில இருக்கலாம், இல்லாட்டி மூட்டு இறுகிப்போகும் எண்டு நீங்கள்தானே அவருக்குச் சொன்னனீங்கள். வந்த நேரம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர், மிஸ். சோறும் தின்னேல்ல, காலைத் தொடவும் விடேல்ல. ஒருநாள் எனக்கு உண்மையாவே சரியான நோ. என்ர அளவு அவற்ற அளவுக்குக் கீழ போயிட்டுது. அண்டைக்குத்தான் மனிசன் முதல்முதல் சிரிச்சார். மற்ற நாள் நீங்கள் வாறதுக்கு முந்தியே காலை மடக்கத் தொடங்கியிட்டார்."

றம்ஸியா வாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குப் பிறகு நான் அவற்ற அளவுக்கு மேல போகேல்ல, மிஸ். கட்டில் வேணுமெண்டா எடுங்கோ. நான் அவருக்குப் பக்கத்தில பாயில படுக்கிறன்."

றம்ஸியாவுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஸைனுலாப்தீன் தேறியது தன்னுடைய கெட்டித்தனம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு அளவெடுக்க வந்தாள். செல்லத்தம்பியின் கட்டிலில் வராந்தாக்காரர் ஒருவர் படுத்திருந்தார். செல்லத்தம்பி பாயில் இருந்தான்.

ஸைனுலாப்தீனுக்கு எண்பத்தொன்று. அவர் தன் எண்ணைக் கேட்டுவிட்டுக் கழுத்தை நீட்டிப் பாயைப் பார்த்தார்.

றம்ஸியா அவருக்கு முதுகைக் காட்டி, மறைத்தபடி குனிந்தாள். செல்லத்தம்பி வழக்கம்போல் காலை விறைத்தான்.

"விறைக்க வேண்டாம்," என்றாள் மெதுவாக.

கால் தாராளமாக மடங்கியது. அளவுகோலில் நூற்றிருபத்தைந்து.

"எழுபத்தெட்டு," என்று பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கத் தக்கதாகச் சொன்னாள் றம்ஸியா. "நானாவைப் பிடிக்க உங்களால ஏலாது, செல்லத்தம்பி."