ஓடர் தராத படம்

அந்தோனிமுத்து பிளாஷை மறுபடியும் பைக்குள் வைத்தார். அவர் மனைவி கிளோறியா மறுபடியும் அதை வெளியே எடுத்தாள்.

"என்னப்பா, மலைக்கு பிளாஷ் அடிக்கப் போறியளே? மலை கண்ணை மூடிப்போடுமெண்டு பயமோ?"

"சிரியும், சிரியும். அங்கை மத்தியானமே இருட்டு."

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் இருந்த அவர்கள் வீட்டின் வரவேற்பறைக் கம்பளம் கமெராக் கடையாக மாறியிருந்தது. லென்ஸுகள், வார்கள், துடைக்கும் துணிகள், ஹோட்டலொன்றில் இருந்து எடுத்துவந்த பிளாஸ்ரிக் குளியல் தொப்பிகள். மழையில் கமெராவுக்குப் போட அந்தத் தொப்பியை வெல்ல உலகத்தில் ஒன்றும் இல்லை என்பது அவருடைய முடிவு.

குளிரில் பற்றறி செத்துப்போகுமாம். நெஞ்சுச் சூட்டில் வைத்திருக்க வேண்டுமாம். அதற்காக அவருடைய பெனியனில் கிளோறியா ஒரு பொக்கற் தைத்துக் கொடுத்திருந்தாள். அதையும் போட்டுக்கொண்டுதான் அவர் நின்றார்.

நோர்வேயின் வடக்குக் கரையோரமாகப் போகிற கப்பல். பிள்ளைகள் சேர்ந்து எடுத்துக் கொடுத்த பயணம். போகிற வழியெல்லாம் மழை, பாறை, காடு, கடல். மனிதரைக் காண்பது அருமை.

மனிதரைத் தவிர வேறொன்றையும் அந்தோனிமுத்து படம் எடுத்ததில்லை.

கிழமை நாட்களில் அவருக்குத் துணி ஆலை. சனி ஞாயிறில் கல்யாணம், பெரியவளான பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, தேவாலயத்தில் முதல் நன்மை. சுற்றுவட்டாரத்தில் தமிழ்ச் சனம் கூடுகிற மண்டபமெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் கமெராவோடு ஒரு பக்கம், லைற்றைத் தூக்கிப் பிடித்தபடி கிளோறியா இன்னொரு பக்கம். 'கொஞ்சம் மேலை' என்று அவர் வாய் திறக்கும் முன்பே அவள் கை உயர்ந்துவிடும்.

எடுத்த படமெல்லாம் யார் யாருடைய வீட்டுச் சுவருக்கோ போனது. இந்தமுறை தனக்கென்று ஒன்று வேண்டும் என்றார். ஒருவரும் ஓடர் தராத படம். திமிங்கிலம் வாலைத் தூக்கிவிட்டுக் கடலுக்குள் இறங்குகிற அந்தக் கணம்.

அதற்கென்றே நீட்டு லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தார். ஒரு கைக்குழந்தையின் பாரம். அதை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டியபோது, பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த தகப்பனின் பெருமை அவர் முகத்தில் இருந்தது.

கிளோறியா முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள்.

போன மாரியிலிருந்து அந்த வலது கை நடுங்கியது. தேத்தண்ணிக் கோப்பையை அவர் இடது கைக்கு மாற்றியிருந்தார். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தார். நண்பர் நவரத்தினத்தின் மகளுடைய கல்யாணத்தில் பல படங்கள் கலங்கிப் போனபோது மண்டபத்து வெளிச்சத்தைத் திட்டினார். அவளும் சேர்ந்து திட்டினாள்.

நீட்டு லென்ஸில் நூலளவு நடுக்கம் முழத்துக்குக் காட்டும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். திமிங்கிலமும் கலங்கிப் போனால், திட்டுவதற்குக் கடலில் மண்டபம் இல்லை.

ஆகவே பிளாஷ் இருந்த இடத்தில் அவள் மூன்றுகால் ஸ்ராண்டைச் செருகினாள்.

"இதென்னத்துக்கு?"

"காத்தடிக்குமெல்லே."

"காத்தடிச்சால் முதல் விழுறது ஸ்ராண்டுதான்."

"உங்கடை முதுகுக்கு நல்லது."

"முதுகு சோக்காக் கிடக்கு."

"வாங்கின நாள் தொடக்கம் சும்மா நிக்குது. அதுக்கும் ஊர் பாக்க ஆசை இருக்காதே?"

அவர் சிரித்தார். யன்னல் கண்ணாடியும் கூடச் சேர்ந்து சிரிப்பது போல ஒரு சிரிப்பு அந்த வீட்டில் அப்போது இருந்தது.

"விசர்க்கதை கதையாதையும், கிளோறி. கப்பலிலை ஸ்ராண்ட் சரிவராது. கீழை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். தளம் முழுக்க நடுங்கும். நடுங்கிற இடத்திலை..."

அந்தச் சொல்லோடு நின்றுவிட்டார்.

அவள் கம்பளத்தில் கிடந்த ஒரு மூடியை எடுத்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத லென்ஸில் பூட்டப் பார்த்தாள். பூட்டுப்படவில்லை. திரும்பவும் பூட்டப் பார்த்தாள்.

அந்தோனிமுத்து ஸ்ராண்டை வெளியே எடுத்துச் சோபாவில் சாய்த்தார். பிளாஷை எட்டத் தள்ளினார். எழுந்து போய், வாசலில் கொழுவியிருந்த பெரிய குடையை எடுத்துவந்து பையின் பக்கத்து வாரில் செருகினார்.

பிறகு கமெராவை எடுத்து அவளுடைய கழுத்தில் போட்டார்.

வார் அவருடைய உயரத்துக்கு இருந்தது. கமெரா அவள் வயிற்றுக்குக் கீழே தொங்கியது. குனிந்து, சின்னக் கொக்கியோடு நெடுநேரம் மல்லுக்கட்டி, அவளுடைய அளவுக்கு வாரைச் சுருக்கினார். அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை.

"திமிங்கிலத்தை நீர் எடும்."

"விசரே உங்களுக்கு? எனக்கு லைற் பிடிக்க மட்டுந்தான் தெரியும்."

"நவரத்தினத்தின்ரை மகளுக்குத் தாலி கட்டேக்கை எடுத்த படம். அல்பத்திலை அதைத்தான் முதலாவதாப் போட்டிருக்கினம். அது லைற் நிண்ட பக்கத்தாலை எடுத்தது, கிளோறி. நான் மற்றப் பக்கம் நிண்டனான்."

அன்றைக்கு அவளுடைய ஒரு கையில் லைற், மறு கையில் போன். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்த ஒரு படத்தை மட்டும் அவருடைய படங்களுக்குள் சேர்த்துவிட்டிருந்தாள்.

"அப்ப நீங்கள் என்ன செய்யப் போறியள்?" என்றாள், கடைசியில்.

"குடை பிடிக்கிறன்."

பையின் சிப்பை இழுத்து மூடினார்.

"குடை ஆடினால் காத்தெண்டு நினைப்பினம்."