கிளைசின் வார்டு

கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலுக்குக் காத்திருந்த அமலா, அம்மாவும் தம்பி ரூபேஷும் பையுடன் வருவதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"இன்னாம்மா இது?"

"நீ வேலை செய்யற ஆஸ்பத்திரிலயே இவன சேர்த்துடு" என்றாள் கோவிந்தம்மா.

விபத்தில் ரூபேஷின் கிட்னிகளுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய் இரண்டும் கெட்டிருந்தன. முகம் ஊதியிருந்தது.

"முடியாதும்மா."

"நீதானே சொன்னே? ரத்தம் நின்னாலும் கிளைசின்னு ஒரு அமினோ ஆசிட் குடுத்தா கிட்னி கெடறதில்லன்னு?"

"அது ரத்தம் நிக்கறதுக்கு முன்னாடியே குடுக்கணும்."

"குடுத்ததுல எல்லாத்துக்கும் கிட்னி நல்லா இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"அக்காவுக்கு நம்மள அங்க கூட்டிப்போக வெட்கம், வாம்மா" என்றான் ரூபேஷ்.

ரயில் வரும் சத்தம் கேட்டது. அமலா தலைகுனிந்தாள்.

"ஆஸ்பத்திரி இல்லடா, அது லேப். எலி மேய்க்கிற வேலைன்னா அம்மா விடமாட்டாங்கன்னுதான் அப்படிச் சொன்னேன். மருந்து குடுத்தது எலிங்களுக்கு."

கோவிந்தம்மா பையைக் கீழே வைத்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலின்னா இன்னாடி? அதுங்க பொழைச்சிச்சே! இப்போ நல்லா ஓடியாடுதா?"

"கிட்னி நல்லா இருக்கான்னு அறுத்துத்தாம்மா பார்ப்போம். ஒண்ணுகூட உயிரோட இல்ல."