சிரித்த முகத்துடன் ஒரு பொம்மை

சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தார் என் கணவர்.

திரையில் ஒரு பொம்மைப் பெண். யார் வாயைத் திறந்தாலும் அதை அவள் சைகையாக்கி எனக்குக் காட்டுவாள்.

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்த வீட்டில் சைகை படித்தவர் இவர் ஒருவர்தான். கல்யாணத்துக்குப் பிறகு மாலை வகுப்புக்குப் போனார். பாதியில் விட்டார். மீதியை என்னிடம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டார்.

இன்று அவர் கை தட்டை விட்டு எழவே இல்லை.

"உப்பு கம்மியா இருக்கே," என்றாள் பொம்மை. வாய் மாமியாருடையது.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு." இது நாத்தனார்.

"உனக்கு எதுதான் சரியா இல்ல? தட்டையும் சேர்த்துத் தின்னுவ."

அடுத்து, யார் யாருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனார்கள் என்ற பஞ்சாயத்து.

எனக்கு வெறுத்துப் போனது. இத்தனை வருடமாக இவர்கள் வாய் அசையும்போதெல்லாம் ஏதோ பெரிய விஷயம் என்னைத் தாண்டிப் போகிறது என்று ஏங்கியிருக்கிறேன். இதுதானா அது?

முன்பெல்லாம் இவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, எச்சில் கையோடு என் பக்கம் திரும்பி, 'உப்பு, சண்டை, வழக்கம்போல' என்று முடித்துவிடுவார். அதில் ஒரு சைகையாவது தப்பாக இருக்கும். எனக்குச் சிரித்துப் புரையேறும்.

பொம்மையைப் பார்த்தால் தட்டைப் பார்க்க முடியவில்லை. சாப்பாடு ஆறிக் கிடந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவள் கை வெடுக்கென்று வெட்டியது. புகாருக்கும் சிரிப்பு. வசவுக்கும் சிரிப்பு. முகம் மாறாமல் சைகை பேசுவது, வாயை மூடிக்கொண்டு பாடுவது மாதிரி. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அவர் முழங்கையைத் தட்டினேன். 'இதை அணைங்க. நீங்க சொல்லுங்க' என்று கை காட்டினேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. டேப்லெட்டைப் பார்த்தார், அது எனக்காகப் பேசும் என்பதுபோல. அது பேசாது. பேச்சைக் கையாக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். கையைப் பேச்சாக்குவது அடுத்த வருடம் வருமாம். அதுவரை இவர்கள் பேசுவார்கள், நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாத்தனார் திரையைக் காட்டி அவரைச் சீண்டினாள்.

"பாத்தியாண்ணா? இந்தப் பொண்ணு உன்னைவிட எவ்வளவு அழகா கை பேசுது!"

"ஆமா, நிம்மதி. இனிமே எனக்குக் கஷ்டம் இல்ல," என்றார் அவர்.

பொம்மை அதையும் எனக்குச் சொன்னாள். 'கஷ்டம்' என்ற இடத்தில் மற்ற எல்லா இடத்தையும்விட நன்றாகவே சிரித்தாள்.

சிரிக்கத்தான் செய்வாள். முகம் வரைந்ததுதான் என்றாலும், சிரிப்பும் கையும் என்னுடையவை.

போன வருடம் இந்தப் பொம்மையைச் செய்தவர்களுக்காக, விரல் விரலாகப் புள்ளி ஒட்டிய கையுறையோடு ஒரு ஸ்டுடியோவில் நின்று, ஒவ்வொரு சொல்லாகச் செய்து காட்டினேன். வீட்டுக்கு வந்து அதை அவரிடம் கையால் சொல்லவும் செய்தேன். தலையாட்டினார். புரியாவிட்டால் அவர் வேகமாகத் தலையாட்டுவார். அன்று மிக வேகமாக ஆட்டினார்.

'கஷ்டம்' என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அந்தச் சொல்லுக்கு முகம் சுளிக்காமல் எனக்கு வரவில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் 'சிரிங்க' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

கடைசியில், கல்யாணமான புதிதில் 'இங்க உனக்குக் கஷ்டமா இருக்கா?' என்று என்னைக் கேட்க நினைத்து, பத்து விரலையும் ஒன்றுக்குள் ஒன்று சிக்க வைத்துக்கொண்டு இவர் திருதிருவென்று விழித்ததை நினைத்துக்கொண்டேன்.

சிரிப்பு வந்துவிட்டது. அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.