ஐம்பதாவது ஆள்

"நாப்பத்தொன்பது. ஒண்ணு குறையுது, கையெழுத்துப் போட முடியாது."

சவரிராயன் நோட்டைப் பட்டுன்னு மூடினார்.

"சார், ஒரே ஒருத்தர்தானே..." டோரதி கெஞ்சினா.

"அம்பதுன்னா அம்பதும்மா. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. ஆளைக் கொண்டாங்க, கையெழுத்தை வாங்கிட்டுப் போங்க."

சவரிராயன் அந்தக் கல்லூரிக்கு ஆபீஸ் சூப்பரின்டென்ட். சிரிச்சா சம்பளத்துல பிடிச்சுடுவாங்கன்னு யாரோ சொல்லிவெச்ச மாதிரி ஒரு முகம்.

டோரதி சைக்காலஜி எம்.ஏ. மெட்ராஸ் போய் கவுன்சிலிங் டிப்ளமாவும் முடிச்சவ. எண்பத்து மூணுல திருச்சியில அந்தப் படிப்பைச் சொன்னா, "டைப்ரைட்டிங் தெரியுமாம்மா?"ன்னுதான் கேட்டாங்க. அதான் பைசா சம்பளம் இல்லாம, மாணவர்களோட மனக்கவலையைக் கேக்கறேன்னு இந்தக் கல்லூரிக்கு வந்தா. அம்பது பேரைப் பார்த்து முடிச்சா அனுபவச் சான்றிதழ். அது இருந்தா புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில திங்கட்கிழமையே வேலை. இல்லேன்னா வேலை வேற ஆளுக்கு.

முதல் மாசம் ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. 'அழுகை ரூம்'னு பசங்க பேர் வெச்சாங்க. அதையும் தாண்டி நாப்பத்தொன்பது பேர் வந்ததே பெரிய விஷயம். இந்த மனுஷன் இப்படி ஒத்தை ஆளுக்காகப் பிடிவாதம் பிடிச்சா வயிறு எரியுமா எரியாதா?

"மனசை விடாதீங்கம்மா. நான் ஒரு ஆளைப் புடிச்சிட்டு வரேன்!" பியூன் நிஜாமுதீன் கிளம்பினார்.

பாவம், அவருக்கு வந்த சோதனையைக் கேளுங்க. அன்னிக்கு மூணு மணிக்குத்தான் வருஷத்தோட கடைசிப் பரீட்சை முடிஞ்சிருந்துச்சு. மைதானம் பூரா பசங்க ஒருத்தன் சட்டையில ஒருத்தன் இங்க் அடிச்சுக்கிட்டு குதியாட்டம் போடறாங்க.

"தம்பிங்களா! கவலையா இருக்கறவங்க யாராச்சும் உண்டா? ஒரே ஒருத்தர் போதும்!"

"கவலையா? இப்பத்தானே பாய் ஒழிஞ்சுது!"

"நேத்து கேட்டிருக்கக் கூடாதா? எங்க ஹாஸ்டலையே கூட்டிட்டு வந்திருப்பேனே!"

வேப்ப மரத்தடியில ஒருத்தன் தலையைக் குனிஞ்சு குலுங்கிக்கிட்டிருந்தான். "அல்ஹம்துலில்லாஹ்!"ன்னு நிஜாமுதீன் பாய்ஞ்சு போய்க் கையைப் பிடிச்சார். அவன் நிமிர்ந்தான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிட்டிருக்கான்! பதில் மரியாதையா பாய் முதுகுல ரெண்டு பேனா இங்க் காலியாச்சு.

நாலரைக்கு அவர் திரும்பினப்போ வெள்ளைச் சட்டை நீலச் சட்டையா மாறியிருந்துச்சு.

"ஒரு பயலும் சிக்கலைம்மா. கல்லூரிச் சிப்பந்தியும் வரலாம்னு விதியில இருக்கில்ல? என்னையே எழுதிக்கங்க."

"சரி பாய், உக்காருங்க. உங்களுக்கு என்ன கவலை?"

நிஜாமுதீன் யோசிச்சார். மோட்டுவளையைப் பார்த்தார். காதைச் சொறிஞ்சார்.

"அப்படித் திடுதிப்புன்னு கேட்டா... ஒண்ணும் தோண மாட்டேங்குதேம்மா!"

டோரதி விழுந்து விழுந்து சிரிச்சா. சிரிக்கச் சிரிக்கவே கண்ல தண்ணி கொட்டிச்சு.

"பொய்யா எழுத மாட்டேன் பாய். விடுங்க, என் தலையெழுத்து."

நாலே முக்காலுக்கு ரூமைப் பூட்டறதுக்குச் சாவியோட சவரிராயனே வந்தார். நிஜாமுதீன் அவரை முறைச்சுட்டு வராந்தாவுக்குப் போனார்.

"அப்படி என்னத்தைத்தாம்மா இங்க உக்காந்து பேசுவீங்க?" ஏளனமா கேட்டபடி சவரிராயன் நாற்காலியில உக்காந்தார்.

"நான் அதிகமா பேச மாட்டேன் சார். வர்றவங்கதான் பேசுவாங்க."

"ஓகோ." சாவிக்கொத்தைக் கையில உருட்டினார். "செப்டம்பர்ல நான் ரிட்டயர் ஆகறேன். அன்னிக்கு இந்தக் கல்லூரியில மாலை போட ஆள் வராது. வெடி வெடிக்கத்தான் வருவாங்க. தெரியுமில்ல?"

சிரிக்கப் பார்த்தார். வரலை.

டோரதி எழுந்து போய்க் கதவைச் சாத்தினா.

கதவு திறந்தப்போ மணி ஆறு. சவரிராயன் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்.

"அம்பது. ஆள் அஞ்சுக்கு முன்னாடியே வந்தாச்சு, கணக்கு சரியாப்போச்சு. நோட்டுல நம்பர் மட்டும்தான், பேர் எழுதக்கூடாது. அதுவும் விதி."

டோரதி கும்பிட்டுட்டு, சின்னப் பொண்ணு மாதிரி படியெல்லாம் தாவித் தாவி பஸ்ஸுக்கு ஓடினா.

நிஜாமுதீனுக்கு ஒண்ணும் புரியலை. "சார், கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்கே?"

"அட, நடிச்சேன்யா! அந்தப் பொண்ணு பொய்யா எழுதாது. நான் விதியை வளைக்க மாட்டேன். ஒரு புள்ளையோட பிழைப்பு போகலாமா? அந்தக் காலத்துல கோயில் திருவிழா நாடகத்துல அழுது பேர் வாங்கினவன் நான்!"

"யா அல்லா! உங்களைப் போய்க் கருங்கல்லுன்னு நெனச்சேனே சார்!"

அதுக்கப்புறம் நிஜாமுதீன் வாய் சும்மா இருக்குமா? சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள கல்லூரி பூரா பரவிடுச்சு. "என்ன மனசுய்யா! என்ன நடிப்புய்யா!"ன்னு லைப்ரரியில இருந்து கேன்டீன் வரைக்கும் ஒரே பேச்சு. வராந்தாவுல எதிர்ப்பட்டவங்க எல்லாரும் முதல் தடவையா அவருக்குச் சிரிச்சு வணக்கம் வெச்சாங்க.

திங்கட்கிழமை புத்தூர் ஆஸ்பத்திரியில டோரதிக்கு முதல் நாள். ஒன்பது மணிக்கு நர்ஸ் ரோசரி கதவைத் திறந்து, "முதல் டோக்கன் யாருங்க? உள்ள போங்க"ன்னா.

ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்த சவரிராயன், கதவை அவரே சாத்திட்டு உக்காந்தார்.

"அன்னிக்குப் பாதிதாம்மா சொன்னேன்."