பாடத்தைத் தின்ற கோழி

ஒரு கோழிக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. கூப்பிட்டால் குஞ்சுகளுக்குக் கேட்கவே இல்லை. மேலே பருந்து வேறு சுற்றிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கிடந்த குழந்தையின் பொம்மைப் பியானோவின் மேல் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது.

"மைனா, இந்தப் பொம்மைப் பியானோவை வாசிக்க எனக்குச் சொல்லிக்கொடுடி. அதை வச்சாவது பிள்ளைகளைக் கூப்பிடறேன்" என்று கரகரத்தது கோழி.

மைனா மூன்று கட்டைகளின் மேல் அரிசியை வைத்து, "வரிசையாக் கொத்துக்கா" என்றது.

டிங், டிங், டொங்! குட்டிப் பாட்டு ஒன்று வந்தேவிட்டது.

"இன்னொரு தடவை வாசி."

கோழி அசையவில்லை. "அரிசி எங்கேடி?"

"அடி அக்கா, பாடத்தையே தின்னுட்டியே!" மைனா விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போது பருந்தின் நிழல் முற்றத்தில் விழுந்தது. கோழிக்கு அரிசி மறந்துபோனது. தினமும் குஞ்சுகளைக் கூப்பிடும் அதே தாளத்தில் கட்டைகளைக் கொத்தோ கொத்தென்று கொத்தியது.

டிங், டிங், டொங்!

ஆறு குஞ்சுகளும் ஓடி வந்து இறக்கைக்குள் புகுந்தன. பருந்து போய்விட்டது. குஞ்சுகளின் பின்னாலேயே பக்கத்து வீட்டு வாத்துக்குஞ்சும் வந்து நின்றது.

"இது யாருடி?"

"உன் பாட்டு பிடிச்சு வந்திருக்கான் அக்கா."

கோழி இறக்கையை அகலமாக விரித்தது. வாத்துக்குஞ்சின் ஈரக் கால் மேலே பட்டது. "ஐயோ, காலெல்லாம் சில்லுன்னு இருக்கே! உள்ளே வா, ராசா."