முப்பத்தாறு புள்ளி ஏழு

மதியம் இரண்டு மணிக்கு அறையின் கூரைச் சூட்டை அளக்க ஆள் வருகிறார். நைட் ஷிப்ட் முடிந்து வந்த மாரிசெல்வி அதற்காகவே தூங்காமல் கிடந்தாள்.

ஒரகடம் லேடீஸ் ஹாஸ்டலில் மூன்றாவது மாடி, இரட்டைக் கட்டிலில் மேல்தட்டு. எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். மே மாதம் அங்கே பகலில் படுப்பதற்குத் தூக்கம் என்று பேரில்லை, வேக்காடு.

கம்பெனியில் அசெம்பிளி லைனில் இரண்டு முறை கண்ணசந்துவிட்டாள். மூன்றாவது முறை என்றால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மொட்டைமாடியைப் பசுமையாக்கி, கீழே இருக்கும் அறையைக் குளிர வைத்தால் வீட்டு வரியில் தள்ளுபடி உண்டு. ஹாஸ்டல் ஓனர் தாண்டவராயன் மகா கெட்டிக்காரர். மண், செடி, தண்ணீர் என்று மெனக்கெடாமல் பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்துவிட்டார். அறை முன்னைவிடக் கொதித்தது.

மாடியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள், அறைக்குள் வந்து அளந்து பாருங்கள் என்று வரி ஆபீசுக்குப் போன் போட்டதே மாரிசெல்விதான். கூரைச் சூடு நாற்பது டிகிரியைத் தாண்டினால் தள்ளுபடி கிடையாது. அது வேண்டுமென்றால் ஓனர் நிஜச் செடி வைத்துத்தான் ஆகவேண்டும். வைத்தால் அவள் தூங்கலாம்.

இரண்டு மணி மூன்றானது. காத்துக் கிடந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

பேச்சுக் குரல் கேட்டுப் பாதித் தூக்கத்தில் விழித்தாள். கீழ்க்கட்டிலில் படுக்கும் அவள் ஊர்க்காரி சந்தனமாரி கதவைத் திறந்துவிட்டிருந்தாள். ஒரு கை தெர்மாமீட்டர் துப்பாக்கியை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி கேட்டில் தினமும் நீட்டுவார்களே, அதே துப்பாக்கி. கொரோனா போயும் அது போகவில்லை.

பீப் என்றது.

அளக்க வந்தவர் அன்றைக்கு ஒன்பதாவது கட்டடம் ஏறியிருந்தார். வியர்வையில் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. கண்ணைச் சுருக்கி எண்ணை மட்டும் பார்த்தார்.

“இன்னா சார் காட்டுது?” வாசலில் நின்ற ஓனர் எட்டிப் பார்த்தார்.

முப்பத்தாறு புள்ளி ஏழு. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார். தன் பிளாஸ்டிக் புல்லைத் தானே நம்ப முடியாமல் ஓனரும் பின்னாலேயே போனார்.

மாரிசெல்வி கையை உயர்த்திக் கூரையைத் தொட்டாள். சுட்டது. இழுத்துக்கொண்டாள். எப்படி என்றே புரியவில்லை.

சந்தனமாரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி, அவரு கூரைய அளக்க வந்தா, நீ எதுக்கு நெத்தியக் கொண்டு நீட்டுன?”

மாரிசெல்விக்கு அழுகைகூட வரவில்லை. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். கேட்டில் மறுபடியும் நெற்றியைக் காட்ட வேண்டும்.