முந்நூற்றொன்றாவது மின்மினி

அனிமேஷன் காட்சிக்கு முந்நூறு மின்மினிகள் போதும். கணினியில் எண்ணிக்கையை அமைக்கும் 'நோட்' கட்டத்தில் அவள் முந்நூறுதான் போட்டிருந்தாள். திரையில் முந்நூற்றொன்று பறந்தன.

"ஒண்ணு கூடுதேக்கா," என்றான் பக்கத்து மேசைக்காரன்.

முன்பெல்லாம் மகள் அவள் மடியேறி உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு சேர்த்துப் போடும்மா" என்று அடம்பிடிப்பாள். குழந்தை செத்துப் பத்து மாதமாகிறது.

மின்மினிகளை அசைக்கும் காற்று நோடின் இணைப்பை வெட்டிப் பார்த்தாள். முந்நூறும் அந்தரத்தில் அப்படியே நின்றன; ஒன்று மட்டும் துள்ளித் திரிந்தது. எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினாள். மற்றவை மறைந்தன. அந்த ஒன்று கீழ்மூலைக்கு இறங்கியது. துடைக்க மனம் வராமல் அவள் திரையில் விட்டுவைத்திருந்த பிஞ்சு விரல் தடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஆஃப் பண்ணிட்டுக் கிளம்பலையாக்கா?"

"நீ போப்பா. இவ இன்னும் விளையாடி முடிக்கல."